மருத்துவமனைக்குப் போக முடியாத ஊரில் இளம் சிசுவின் கடும் தொற்று: படிப்படியான வழிகாட்டி

பிறந்த நாள் முதல் 59 நாள் வரையுள்ள குழந்தைக்குக் கடும் பாக்டீரியத் தொற்று வந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுகிறது. மருத்துவமனை வெகு தொலைவில் இருக்கிறது, அல்லது குடும்பம் வர மறுக்கிறது. அப்போது என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். ஊசி போடவும் மருந்து தரவும் பயிற்சியும் அனுமதியும் பெற்ற சுகாதாரப் பணியாளருக்கும், அவர்களை மேற்பார்வையிடுபவருக்கும் உரியது இது. பெற்றோர் படித்தால் மூன்றாம் பகுதியில் உள்ள அறிகுறிகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒன்று தென்பட்டாலும் உடனே உதவி தேடுங்கள். மருந்தைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையை ஒட்டியே அளவுகளைத் தருகிறேன். உங்கள் நாட்டு நெறிமுறை வேறு அளவைச் சொன்னாலோ, பின்னால் திருத்தப்பட்டிருந்தாலோ அதையே பின்பற்றுங்கள்.

புதிதாக வருபவர்கள் அஞ்சுவது ஊசியைத்தான். அதைச் சில நாளில் கற்றுவிடுகிறார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் வேறு இடங்களில்: மூச்சை அரை நிமிடம் மட்டும் எண்ணி இரட்டிப்பது, எடையைக் கண்ணால் மதிப்பிடுவது, நான்காம் நாள் பார்க்கப் போகாமல் விடுவது. ஆகவே அந்த இடங்களில் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

1. கிளம்பும் முன் பையைச் சரிபாருங்கள்

நொடி காட்டும் கடிகாரம் அல்லது ஒரு நிமிட டைமர். குழந்தை எடைக் கருவி. டிஜிட்டல் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர்கள் பலவும் 35 டிகிரிக்குக் கீழே காட்டுவதில்லை. நமக்கோ உடல் குளிர்ந்துபோன குழந்தையையும் கண்டுபிடிக்க வேண்டும். எனவே தாழ்ந்த வெப்பத்தையும் அளக்கும் கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

மருந்தில், பாக்டீரியாவைக் கொல்லும் ஜென்டாமைசின் ஊசி, வாயில் தரும் அமாக்சிசிலின் (நீரில் கரையும் மாத்திரை இருந்தால் நல்லது), ஆம்பிசிலின் ஊசி, அதைக் கலக்க ஊசிக்கான நீர். ஒரு மில்லி சிரிஞ்ச், 23 முதல் 25 கேஜ் வரையிலான ஊசி, பயன்படுத்திய ஊசிகளைப் போடத் துளைக்க முடியாத பெட்டி. எடைவாரி மருந்து அட்டவணை, பதிவு அட்டை, மருத்துவமனைக்கான பரிந்துரைச் சீட்டு. இத்துடன் வாகனம் வைத்திருப்பவர்கள், மருத்துவமனை, மேற்பார்வையாளர் ஆகியோரின் தொலைபேசி எண்கள் தாளில் எழுதியதாக இருக்க வேண்டும். அலைபேசி அணைந்துபோகும் நேரத்தில்தான் அவை தேவைப்படும்.

ஒரு குழந்தைக்கான ஏழு நாள் மருந்தும் கையில் முழுமையாக இல்லாமல் கிளம்பாதீர்கள். பாதியில் தீர்ந்துபோனால் நோய் தணிந்ததுபோல் காட்டி மீண்டும் ஏறலாம். குடும்பத்துக்கும் நம் மீதான நம்பிக்கை அத்தோடு போய்விடும்.

2. தொடும் முன் கேளுங்கள், எழுப்பும் முன் எண்ணுங்கள்

பரிசோதனையின் வரிசை இங்கே மிக முக்கியம். அழுகிற குழந்தையின் மூச்சை எண்ண முடியாது. மார்பு உள்வாங்குகிறதா என்று பார்க்கவும் முடியாது. புதியவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் துணியை அவிழ்த்து எடைக்கருவியில் கிடத்திவிடுகிறார்கள். பிறகு அழுகை ஓய அரை மணி நேரம் காத்திருக்கிறார்கள்.

முதலில் தாயின் மடியில் குழந்தை இருக்கும்போதே கேள்விகளை முடியுங்கள். எப்போது பிறந்தது? எத்தனை நாள்? பால் குடிப்பது நேற்றைக்கும் இன்றைக்கும் மாறியிருக்கிறதா? கை கால் வெட்டி இழுத்ததா, கண் ஒரே பக்கமாக நின்றதா? கடைசியாக எப்போது குடித்தது? வயதை நாள் கணக்கில் எழுதுங்கள். ஆறாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே சிகிச்சையே மாறுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்து குழந்தை அமைதியாக இருக்கும்போதே மூச்சு, மார்பு. பிறகு அக்குள் வெப்பம். அதன் பிறகு துணியை விலக்கித் தோலையும் தொப்புளையும் பாருங்கள். அசைவைக் கவனியுங்கள். எடை போடுங்கள். கடைசியாகப் பால் குடிப்பதை நேரில் பாருங்கள். ஏதாவது ஒரு கட்டத்தில் ஆபத்தான அறிகுறி தென்பட்டால் பதற்றத்தில் மற்றவற்றை விட்டுவிடக் கூடாது. குழந்தை வலிப்பிலோ நினைவிழந்தோ இருந்தால் மட்டும் உடனே ஐந்தாம் பகுதிக்குத் தாவுங்கள்.

3. ஏழு அறிகுறிகள்: எதைப் பார்க்கிறோம், எங்கே ஏமாறுகிறோம்

இந்த வயதில் இரத்தத்தில் தொற்று, நிமோனியா, மூளைக்காய்ச்சல் எல்லாம் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் நோயின் பெயரைத் தேடிப் பயனில்லை. கீழ்க்காணும் ஏழில் ஒன்று இருந்தாலும் கடும் தொற்று இருக்கலாம் எனக் கொண்டு செயல்படுகிறோம், வகையை நான்காம் பகுதியில் பிரிப்போம். இதனால் தொற்று இல்லாத சில குழந்தைகளுக்கும் மருந்து போய்ச் சேரும். ஒரு நாள் பொறுத்துப் பார்த்தால் இழப்பு அதைவிடப் பெரிது என்பதால் அதை ஏற்கிறோம்.

பால் குடிக்காமை: தாய் சொன்னதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கடந்த ஒரு மணி நேரத்தில் குடிக்கவில்லை என்றால் மார்பில் போடச் சொல்லி நான்கு நிமிடம் பாருங்கள். இப்போதுதான் குடித்தது என்றால் அடுத்த முறை பசிக்கும்வரை அங்கேயே காத்திருங்கள். வாயில் பற்றவே இல்லை, உறிஞ்சவே இல்லை என்றால் அது 'அறவே குடிக்க முடியாத' நிலை. பற்றிச் சில முறை உறிஞ்சிவிட்டுச் சோர்ந்து விடுகிறது, முன்பு நன்றாகக் குடித்த குழந்தை இது என்றால் 'நன்றாகக் குடிப்பதை நிறுத்திய' நிலை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அதனால் எது என்று தெளிவாக எழுதுங்கள்.

வலிப்பு: கை கால் தாளமாக வெட்டுவது மட்டும் வலிப்பு அல்ல. உதடு சப்புவதுபோல் திரும்பத் திரும்ப அசைவது, கண் நிலைகுத்துவது, சைக்கிள் மிதிப்பதுபோல் கால் அசைவது ஆகியவையும் இந்த வயதில் வலிப்பாக இருக்கலாம். வெறும் நடுக்கமா என்று ஐயம் வந்தால் அந்தக் கையை மெல்லப் பிடியுங்கள். பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் நடுக்கம். பிடித்த பிறகும் உள்ளே துடித்தால் வலிப்பு.

வேக மூச்சு: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இளம் சிசுவின் மூச்சு சீராக ஓடாது. வேகமாகச் சில மூச்சு, ஒரு சிறு இடைநிறுத்தம், மறுபடி வேகம் என்று போகும். அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் எந்தப் பக்கமும் பிழை விழும். முதல் எண்ணிக்கை 60-ஐத் தொட்டால் சிறிது இடைவெளி விட்டு இன்னொரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டாவதும் 60-ஐத் தொட்டால் மட்டுமே வேக மூச்சு. வயிற்றின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எண்ணுவது எளிது.

மார்பு உள்வாங்குதல்: குழந்தை மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே போகிறதா என்று பாருங்கள். இந்த வயதில் மார்புக்கூடு மெல்லியது. லேசாக உள்வாங்குவது இயல்பே. மிக ஆழமாக, தூரத்திலிருந்தே தெரியும்படி, ஒவ்வொரு மூச்சிலும் உள்வாங்கினால் மட்டும் அறிகுறியாகக் கொள்ளுங்கள். பால் குடிக்கும்போதோ அழும்போதோ தெரிந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

காய்ச்சல்: அக்குளில் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல். கனத்த துணியில் சுற்றி வைத்திருந்தால் சற்றே தளர்த்திவிட்டு, சிறிது நேரம் கழித்து மீண்டும் அளந்து உறுதி செய்யலாம். அப்போதும் குறையவில்லை என்றால் துணியின் மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள்.

உடல் குளிர்தல்: 35.5 டிகிரிக்குக் கீழ். இதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். தொற்று என்றால் உடம்பு சுட வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இளம் சிசு, அதிலும் எடை குறைந்த சிசு, தொற்று கடுமையானால் குளிர்ந்து போகலாம். 35.5 முதல் 36.4 வரை இருந்தால் தாயின் வெறும் மார்போடு அணைத்து ஒரு மணி நேரம் சூடேற்றி மறுபடி அளக்கவும்.

அசைவு: குழந்தை விழித்திருக்கும்போது தானாகக் கை கால் ஆட்டுகிறதா? குழந்தை உறங்கினால் எழுப்பும்படி தாயிடம் சொல்லுங்கள். உள்ளங்காலை மெல்லத் தட்டினால் மட்டும் அசைந்து நின்றுவிடுகிறதா? தட்டியும் அசையவில்லையா? 'நன்றாகத் தூங்குகிறது, தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களைப் புண்படுத்தாமல், ஆனால் கட்டாயம் எழுப்பிப் பாருங்கள்.

இவற்றோடு தொப்புள் சிவந்து சீழ் வடிகிறதா, தோலில் சீழ்க் கொப்புளம் உண்டா என்றும் பாருங்கள். மேலே சொன்ன ஏழில் எதுவும் இல்லாமல் இவை மட்டும் இருந்தால் அது ஓரிடத்தில் மட்டும் உள்ள தொற்று. அதற்கு வாயில் தரும் அமாக்சிசிலின் ஐந்து நாள், சுத்தம், மறுபார்வை ஆகியவை போதும்.

4. வகை பிரியுங்கள்

நிலை கவலைக்கிடமா, கடும் தொற்றா, வேக மூச்சு மட்டுமா என்று பார்க்கிறோம். மூன்றையும் கலந்துவிட்டால் மேற்கொண்டு செய்வதெல்லாம் தவறிவிடும்.

வலிப்பு, அறவே குடிக்க முடியாமை, தட்டியும் அசையாமை அல்லது நினைவிழப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் நிலை கவலைக்கிடம். உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, உதடும் நாக்கும் நீலம் பாரித்திருந்தாலோ, வயிறு உப்பிப் பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ இதே வகையாகக் கொள்ளுங்கள். எடை 1.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கும் பேச்சே கூடாது.

நன்றாகக் குடிப்பதை நிறுத்தியது, மார்பு ஆழமாக உள்வாங்குவது, காய்ச்சல், உடல் குளிர்தல், தட்டினால் மட்டும் அசைவது ஆகியவற்றில் ஒன்று இருந்து, மேலே சொன்ன கவலைக்கிடமான அறிகுறி எதுவும் இல்லை என்றால் அது கடும் தொற்று.

வேக மூச்சு ஒன்று மட்டும் இருந்தால் வயதைப் பாருங்கள். ஏழு நாளோ அதற்கு மேலோ ஆன குழந்தைக்கு வீட்டிலேயே வாய்வழி மருந்து தரலாம், மருத்துவமனை கட்டாயம் இல்லை. 0 முதல் 6 நாள் வரையான குழந்தையை அனுப்பியே ஆக வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் மூச்சு வேகமாவதற்குத் தொற்றைத் தவிர வேறு பல காரணங்கள் உண்டு. அவற்றை வீட்டு வாசலில் வைத்துப் பிரித்தறிய முடியாது.

5. முதல் டோஸ் கொடுங்கள், பிறகு பேசுங்கள்

கவலைக்கிடமான நிலையிலும் கடும் தொற்றிலும், மருத்துவமனைக்குப் போகப்போகிறார்களா இல்லையா என்ற விவாதம் தொடங்குவதற்கு முன்பே முதல் டோஸைக் கொடுத்துவிடுங்கள். பயணம் நீளும், வாகனம் தாமதமாகும். அந்த மணிகள் மருந்தில்லாமல் கழியக் கூடாது. ஜென்டாமைசின் ஊசி ஒன்று (அளவு ஏழாம் பகுதியில்). கூடவே, விழுங்கக்கூடிய குழந்தைக்கு அமாக்சிசிலின் வாயில் (அளவு எட்டாம் பகுதியில்). விழுங்க முடியாதென்றால் ஆம்பிசிலின் ஊசி, கிலோவுக்கு 50 மில்லிகிராம். ஜென்டாமைசினையும் ஆம்பிசிலினையும் ஒரே சிரிஞ்சில் கலக்காதீர்கள், ஒன்று மற்றதன் வீரியத்தைக் கெடுக்கும். தனித்தனி சிரிஞ்ச், தனித்தனித் தொடை.

குழந்தை விழித்திருந்து உறிஞ்ச முடிந்தால் பால் கொடுக்கச் சொல்லுங்கள். உறிஞ்ச முடியாமல் விழுங்க மட்டும் முடிந்தால் பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையால் கொடுக்கலாம். வலிப்பு வரும்போதும் நினைவில்லாதபோதும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புகுத்தும் பயிற்சி பெற்றவர் இருந்தால் மூக்கு வழிக் குழாயில் கிலோவுக்கு 10 மில்லி தாய்ப்பால் தரலாம். இரத்தச் சர்க்கரை தாழ்வதுதான் வழியில் வரும் பெரிய ஆபத்து.

இன்னொன்று உடல் சூடு இழப்பது. குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு ஒட்டி வைத்து, மேலே துணி போர்த்தி, தலைக்குக் குல்லாய் அணிவித்துக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பரிந்துரைச் சீட்டில் கொடுத்த மருந்து, அளவு, நேரம் மூன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவமனையில் அதே நாளில் ஜென்டாமைசினை மறுபடியும் போட நேரிடும்.

இப்போது பேச்சு. 'மருத்துவமனைக்குப் போங்கள்' என்று சொல்லிவிட்டு, மறுத்தார்கள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது பேச்சு ஆகாது. என்ன தடை என்று கேளுங்கள். வாகனமா, பணமா, வீட்டில் மற்றக் குழந்தைகளைப் பார்க்க ஆளில்லையா, முன்பு அங்கே நடந்த ஏதாவது கசப்பான அனுபவமா? வீட்டில் முடிவெடுப்பவர் யார்? பல சமயம் அவர் அந்த அறையிலேயே இருக்க மாட்டார். அவரை அழைத்து வரச் சொல்லுங்கள், இல்லையேல் தொலைபேசியிலாவது பேசுங்கள். தடை வாகனம் என்றால் பட்டியலில் உள்ளவரை நீங்களே அழையுங்கள். இப்படிச் செய்தால் 'மறுத்த' குடும்பங்களில் பல கிளம்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

6. அனுப்பவே முடியவில்லை என்றால்

கவலைக்கிடமான குழந்தை: வீட்டில் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கையைக் குடும்பத்துக்குத் தர வேண்டாம். போக வழி பிறக்கும்வரை அல்லது ஏழு நாள்வரை ஜென்டாமைசின் ஊசி தினம் ஒருமுறை, ஆம்பிசிலின் ஊசி தினம் இருமுறை. ஒவ்வொரு முறை போகும்போதும் மருத்துவமனைப் பேச்சைப் புதிதாகத் தொடங்குங்கள். நேற்று மறுத்தவர் இன்று ஒப்பலாம்.

கடும் தொற்று: இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் ஜென்டாமைசின் ஏழு நாள் தினம் ஒருமுறை, வாயில் அமாக்சிசிலின் ஏழு நாள் தினம் இருமுறை. இரண்டாவதில் ஜென்டாமைசின் முதல் இரண்டு நாள் மட்டும், அமாக்சிசிலின் ஏழு நாளும். எதைத் தேர்வது என்பதை நாட்டு நெறிமுறை சொல்லியிருக்கும். தேர்வு உங்களிடம் விடப்பட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: நான்காம் நாள் நேரில் பார்ப்பது உறுதியாக வேண்டும். மலைப்பாதையில் தினமும் ஏழு நாள் ஊசிக்குப் போவேன் என்று சொல்லி, ஐந்தாம் நாள் மழையில் நின்றுவிடுவதைவிட, இரண்டு நாள் ஊசியைத் தவறாமல் போட்டு நான்காம் நாள் தவறாமல் போவது மேல்.

ஜென்டாமைசினை ஏன் வாயில் தர முடியாது என்று வீட்டில் கேட்பார்கள். குடலிலிருந்து அது இரத்தத்துக்குள் போகாது, அதனால்தான் ஊசி. அமாக்சிசிலின் நன்றாக உறிஞ்சப்படும். இரண்டும் வெவ்வேறு வகைக் கிருமிகளைத் தாக்குகின்றன, எனவே ஒன்றை விட்டால் மற்றொன்று ஈடு செய்யாது.

வேக மூச்சு மட்டும்: அமாக்சிசிலின் ஏழு நாள். முதல் வாரக் குழந்தையைக் கொண்டுபோக முடியவே இல்லை என்றாலும் இதுதான்.

கையில் கிடைத்த வேறு மருந்தைக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோன் மஞ்சள் காமாலை உள்ள பச்சிளம் குழந்தைக்கு ஆபத்து. கோ-டிரைமாக்சசோலும் அப்படியே. நெறிமுறையில் இல்லாத மருந்தை 'இது இன்னும் சக்தி வாய்ந்தது' என்று போட வேண்டாம்.

7. எடை, கணக்கு, ஊசி

எடையைத் துணியில்லாமல் போடுங்கள். கருவியின் முள்ளைப் பூஜ்ஜியத்தில் வைத்த பிறகு கிடத்துங்கள். தொங்கு தராசு என்றால் துணித்தொட்டிலை மாட்டிய பிறகு பூஜ்ஜியமாக்க வேண்டும். பிறந்தபோது எழுதிய எடையைப் பயன்படுத்தாதீர்கள். முதல் சில நாளில் எடை குறையும், பிறகு ஏறும். எந்த நாள் மருந்து தொடங்குகிறீர்களோ அந்த நாள் எடைதான் கணக்கு.

ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 முதல் 7.5 மில்லிகிராம், ஒரு நாளுக்கு ஒருமுறை. குறைந்த எடையோடு (2.5 கிலோவுக்குக் கீழ்) பிறந்த குழந்தைக்கு 3 முதல் 4 மில்லிகிராம். இந்த மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. சிசுவின் சிறுநீரகம் மெதுவாகவே வேலை செய்கிறது. அளவு கூடினாலோ இடைவெளி குறைந்தாலோ உடலில் தேங்கிச் சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் பாதிக்கும். 24 மணி நேரம் ஆகும் முன் அடுத்த டோஸ் கூடாது.

மிக ஆபத்தான பிழைக்கு இப்போது வருகிறேன். ஜென்டாமைசின் குப்பிகள் ஒரே அளவில் வருவதில்லை. இரண்டு மில்லியில் 20 மில்லிகிராம் உள்ளது ஒன்று, இரண்டு மில்லியில் 80 மில்லிகிராம் உள்ளது இன்னொன்று. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 3 கிலோ குழந்தைக்கு 15 மில்லிகிராம் வேண்டும். முதல் குப்பியில் அது 1.5 மில்லி. இரண்டாவதில் 0.4 மில்லிக்குச் சற்றுக் குறைவு. 80 குப்பியிலிருந்து 1.5 மில்லி எடுத்துவிட்டால் குழந்தைக்குப் போவது 60 மில்லிகிராம், நான்கு மடங்கு. ஆகவே மூன்று இடத்தில் படியுங்கள்: பெட்டியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, குப்பியை வைக்கும்போது. பக்கத்தில் இன்னொரு பணியாளர் இருந்தால் அவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மேற்பார்வையாளருக்கு ஒரு வார்த்தை: ஒரு பகுதிக்கு ஒரே வலிமைக் குப்பியை மட்டும் அனுப்பினால் இந்தப் பிழையின் வேரே அறுந்துவிடும்.

ஒரு மில்லி சிரிஞ்சை வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. 0.4 மில்லியை ஐந்து மில்லி சிரிஞ்சில் துல்லியமாக அளக்க முடியாது. அத்தனை சிறிய அளவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலே மருந்தில் நல்ல பங்கு போய்விடும். சிரிஞ்சை நிமிர்த்தித் தட்டிக் குமிழியை வெளியேற்றி, பிறகு கோட்டைப் பாருங்கள்.

இடம்: தொடையின் நடுப்பகுதியில், முன்புற வெளிப்பக்கத் தசை. புட்டத்தில் வேண்டாம். அங்கே தசை போதாது, நரம்பும் அருகில் ஓடுகிறது. தாயிடம் குழந்தையின் காலை மெல்லப் பிடிக்கச் சொல்லி, தோலைத் துடைத்து, காயவிட்டு, நேராகக் குத்துங்கள். மருந்தை மெதுவாகச் செலுத்துங்கள். மறுநாள் மற்றத் தொடை. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாமல் நேரே பெட்டிக்குள் போடுங்கள். ஊசியை மூடும்போதுதான் நம் விரலில் குத்துகிறது.

8. வாயில் தரும் மருந்து: தாய் செய்து காட்ட வேண்டும்

அமாக்சிசிலின் ஒரு டோஸுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம், 12 மணி நேர இடைவெளியில் இருமுறை. 3 கிலோ குழந்தைக்கு ஒரு டோஸ் 150 மில்லிகிராம். ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 6 மில்லி, ஐந்து மில்லியில் 250 உள்ளதில் 3 மில்லி. இங்கும் அதே இரட்டைக் குழப்பம் காத்திருக்கிறது, பாட்டில் மேல் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். நாட்டு அட்டவணை எடையைப் பிரிவுகளாக்கி மாத்திரைக் கணக்கில் தந்திருந்தால் அதைப் பயன்படுத்துவதே எளிது.

நீரில் கரையும் மாத்திரையைப் பீய்ச்சிய தாய்ப்பாலிலோ கொதித்து ஆறிய நீரிலோ ஒரு கரண்டியில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றக் கூடாது. தலையைச் சற்று உயர்த்தி, கன்னத்தின் உட்புறம் சொட்டாக விட வேண்டும். கொடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த டோஸை மறுபடி கொடுக்கவும்.

'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாத் தாயும் தலையாட்டுவார். கேட்பதில் பயனில்லை. முதல் டோஸை நீங்கள் கொடுங்கள். இரண்டாவது டோஸுக்கான கரைப்பை அவர் கையால் செய்யச் சொல்லிப் பாருங்கள். தாய்க்குப் பதிலாக வேறொருவர் இரவு டோஸ் தருவார் என்றால் அவரையும் அமர வையுங்கள். ஏழு நாளுக்குப் பதினான்கு கட்டங்கள் வரைந்த அட்டையைக் கொடுத்து, கொடுத்ததும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத வீட்டில் சூரியனும் நிலாவும் வரைந்தால் போதும்.

மூன்றாம் நாளே பல குழந்தைகள் தேறிவிட்டதுபோல் தெரியும். அப்போதுதான் பெரும்பாலும் மருந்து நிற்கிறது. இதை முதல் நாளே சொல்லி வையுங்கள்: 'நாளை மறுநாள் நன்றாகிவிட்டதுபோல் தெரியும், அப்போதும் நிறுத்தக் கூடாது.' முன்கூட்டியே சொன்ன எச்சரிக்கையைக் குடும்பம் நினைவில் வைத்திருக்கும்.

9. பாலும் சூடும்

மருந்து வேலை செய்ய நேரம் பிடிக்கும். அதுவரை தாய்ப்பாலும் உடல் வெப்பமும்தான் குழந்தையைத் தாங்குகின்றன. அடிக்கடி, இரவிலும் பால் தர வேண்டும். மார்பில் குடிக்கச் சோர்ந்தால் பீய்ச்சிப் பாலாடையில். தண்ணீர், சர்க்கரை நீர், வேறு எதுவும் வேண்டாம். குளிப்பாட்டுவதைத் தள்ளி வையுங்கள். காய்ச்சலைக் குறைக்கும் மருந்தை நீங்களாகத் தராதீர்கள். வெப்பம் இறங்கியது தொற்று தணிந்ததாலா அந்த மருந்தாலா என்று மறுநாள் தெரியாமல் போகும்.

10. திரும்பிப் போகும் நாட்கள்

மருந்து தொடங்கிய நாளை முதல் நாள் என்று எண்ணுங்கள். சிலர் அதைப் பூஜ்ஜியமாக வைத்து ஒரு நாள் பிந்தி வருகிறார்கள். அட்டையில் தேதியாகவே எழுதிவிட்டால் குழப்பமில்லை.

ஊசி போடும் ஒவ்வொரு நாளும் ஏழு அறிகுறிகளையும் முதலிலிருந்து பாருங்கள். ஊசியைப் போட்டுவிட்டுப் படியிறங்கும் பழக்கம் எளிதில் தொற்றிக்கொள்ளும். நான்காம் நாள் எல்லா வகைக்கும் கட்டாயம், வாய்வழி மருந்து மட்டும் பெறும் குழந்தைக்கும்கூட. எட்டாம் நாள், மருந்து முடிந்த பின், கடைசிப் பார்வை.

மீண்டும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நேரங்கள்: எந்த நாளானாலும் கவலைக்கிடமான அறிகுறி ஒன்று வந்தால், முன்பு இல்லாத புதிய அறிகுறி தோன்றினால், இருந்தது மோசமானால், நான்காம் நாளும் முன்னேற்றமே இல்லையென்றால், எட்டாம் நாளில் ஏழில் ஏதாவது ஒன்று மிஞ்சியிருந்தால். இரண்டாம் நாள் காய்ச்சல் சற்று இருக்கிறது, ஆனால் பால் நன்றாகக் குடிக்கிறது என்றால் அது முன்னேற்றம்தான், பதற வேண்டாம். வெப்பம் இறங்கி, பாலும் குறைந்திருந்தால் அது முன்னேற்றம் அல்ல.

இடையில் எப்போது ஆள் அனுப்ப வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். நீளமான பட்டியல் யாருக்கும் நினைவிருக்காது. பால் குடிக்க மறுத்தால், உடல் சில்லிட்டாலோ கொதித்தாலோ, மூச்சு திணறினால், எழுப்பியும் எழாவிட்டால், வெட்டி இழுத்தால். இவ்வளவு போதும். அவர்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லக் கேளுங்கள்.

நான்காம் நாள் போனபோது வீடு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். உறவினர் ஊருக்குப் போயிருந்தால் அந்தப் பகுதிப் பணியாளரிடம் குழந்தையின் விவரத்தை ஒப்படையுங்கள். 'வீட்டில் இல்லை' என்று எழுதிவிட்டுத் திரும்புவதை மேற்பார்வையாளர் ஏற்கக் கூடாது.

11. பதிவு

ஒரு குழந்தைக்கு ஒரு அட்டை. வயது நாளில், எடை, ஒவ்வொரு நாளின் மூச்சு எண்ணிக்கையும் வெப்பமும், மருந்தின் பெயர், குப்பியின் வலிமை, எத்தனை மில்லி, மணி. மில்லியை மட்டும் எழுதிக் குப்பியின் வலிமையை விட்டுவிடும் பதிவுகள் நிறைய வருகின்றன. ஏழாம் பகுதியில் சொன்ன நான்கு மடங்குப் பிழை நேர்ந்திருக்கிறதா என்று பிறகு அவற்றை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. மருத்துவமனைக்குப் போக மறுத்த குடும்பம் சொன்ன காரணத்தையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். மாதக் கூட்டத்தில் அந்தக் காரணங்களை மட்டும் வரிசையாக வாசித்தாலே, அந்தப் பகுதிக்கு முதலில் வேண்டியது வாகனமா, செலவுக்குப் பணமா, மருத்துவமனை வாசலில் அவர்களை வரவேற்று அழைத்துச் செல்ல ஓர் ஆளா என்பது தெரிந்துவிடும்.